ஆறு வடியாத நாட்கள்

சோப்புக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே ஹிந்தெல் பாடிய பாட்டைக் கேட்டுத்தான் ஃப்ரூமெத் கையிலிருந்த சாம்பல் கூடையைத் தவறவிட்டாள். கொட்டகை முழுக்கச் சாம்பல் பறந்தது. ஹிந்தெலுக்கு அப்போது ஆறு வயது. நல்ல குரல்.

"என்னடி பாடுற?"

"ஆட்டுக்குட்டிப் பாட்டும்மா. பள்ளிக்கூடத்து ஐயா சொல்லிக்குடுத்தாரு. முதல் வரி நான்தான் பாடணும்னு சொல்லிட்டாரு."

"எந்த ஆட்டுக்குட்டி?"

"நம்ம பாவத்துக்காகச் செத்துப்போச்சே, அந்த ஆட்டுக்குட்டி."

ஃப்ரூமெத் என்னைப் பார்த்தாள். நான் திரி முறுக்குவதை நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் இருந்தது லுத்தர் சபைப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். ஜெர்மன் எழுத்தும் கணக்கும் தெரியாமல், அமெரிக்காவில் ஜெர்மன்காரர்கள் குடியேறிய இந்த சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் யாரும் மெழுகுவத்தி விற்க முடியாது. அதற்காகத்தான் ஃப்ரூமெத்தும் அவள் புருஷன் சுஸ்மானும் பிள்ளைகள் இரண்டையும் அங்கே அனுப்பினார்கள். எழுத்தோடு பாட்டும் வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். என் மகன் மேயரும் ஏழு வயதில் அதே பாட்டைப் பாடினான். நான் சிரித்தேன். பத்தொன்பது வயதில் அந்தச் சபையில் நின்று தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கிக்கொண்டான்; ஆலைக்காரன் மகளைக் கட்டிக்கொண்டு மேற்குப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டான். இலையுதிர் காலத்தில் வருஷம் தவறாமல் ஒரு மூட்டை ஆப்பிளோடு என்னைப் பார்க்க வருவான். நல்ல பிள்ளை. கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

என் புருஷன் இறந்தபின் நான் சுஸ்மானின் கொட்டகையில்தான் வேலை செய்தேன். ஊரில் யூதர்கள் என்று நாங்கள் மூன்றே வீடு: சுஸ்மான் வீடு, நான், தோல் வியாபாரம் செய்யும் கல்யாணமாகாத அண்ணன் தம்பி இரண்டு பேர். பத்து ஆண்கள் கூடினால்தான் முறையான தொழுகை. எங்களில் இருந்தவர்கள் மூன்றே ஆண்கள். எங்கள் வேத விதிப்படி ஆடு மாடு அறுக்க ஆள் இல்லாததால் மீனும் முட்டையும் பார்லிக் கஞ்சியும்தான் சாப்பாடு. சுஸ்மான் எட்டு வயதில் வீட்டை விட்டுத் தலைச்சுமை வியாபாரியோடு கிளம்பியவன். ரொட்டிக்கு முன்னால் சொல்வது, விளக்குக்கு முன்னால் சொல்வது, செத்தவர்களுக்குச் சொல்வது, இவ்வளவும் காதால் தெரியும். எபிரேயப் பக்கத்தைக் கொடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது ஃப்ரூமெத் சொன்னாள்: "பிலடெல்பியாவுக்கு வத்தி ஏத்திக்கிட்டுப் போறீங்கல்ல. திரும்பி வரும்போது நம்ம வேதம் சொல்லித்தர ஒரு வாத்தியாரோட வாங்க. இல்லேன்னா வராதீங்க."

சுஸ்மான் ஒரு வாத்தியாரோடு வந்தான்.

அவர் பெயர் கும்பெல். ஐரோப்பாவில் போசன் பக்கத்து மனிதர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூன் விழுந்த நெடிய உடம்பு, தோளில் ஒரு பொட்டணம், கைகள் இரண்டும் துடுப்பு மாதிரி. வந்த வெள்ளிக்கிழமை மாலை, ஃப்ரூமெத் விளக்கேற்றியதும், அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஓய்வுநாளை வரவேற்கும் பாட்டைத் தொடங்கினார். நான் அதைக் கடைசியாகக் கேட்டது என் அப்பா உயிரோடு இருந்தபோது. ஃப்ரூமெத் பின்னல் ரொட்டி மூடியிருந்த துணியின் ஓரத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். சுஸ்மான் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. காலையில் ஹிந்தெலும் அவள் அண்ணன் லிப்மானும் கொட்டகைப் பலகையில் உட்காருவார்கள். வாத்தியார் மடியில் புத்தகம் திறந்திருக்கும். அவர் ஒரு வரி சொல்வார், அவர்கள் சொல்வார்கள். நாங்கள் கொழுப்பை உருக்கிக்கொண்டே கேட்போம். மதியத்துக்குமேல் பிள்ளைகள் ஜெர்மன் எழுத்துக்குப் போவார்கள். "அந்தப் பாட்டு வரும்போது வாயை மூடிக்கோ" என்று ஃப்ரூமெத் மகளுக்குச் சொல்லியிருந்தாள். ஹிந்தெலும் மூடிக்கொள்வாள் என்று நம்பினோம். லிப்மான் பன்னிரண்டு முடிந்து, எங்கள் முறைப்படி ஆண்பிள்ளை பெரியவனாகும் பதின்மூன்றை நெருங்கினான். ஓய்வுநாள் காலைப் பிரார்த்தனை முழுவதையும் தடுமாறாமல் சொல்வான். தோல்காரத் தம்பி தமாஷாகக் கேட்பான்: "ஏண்டா லிப்மான், உங்கப்பனுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன், பாவம், வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிக்கிறாரு." சுஸ்மானுக்கு அதில் பெருமைதான்.

பனி உருகும் மாதத்தில் இசக்கார் என்பவர் வந்தார். பிலடெல்பியாவிலிருந்து தோல் வாங்க வந்தவர். இளவயதில் ஐரோப்பாவில் பெரிய பாடசாலையில் எட்டு வருஷம் படித்தவர் என்று தோல்கார அண்ணன் சொன்னான். ஒரு நாள் தங்கிவிட்டுக் கிளம்புவதாக இருந்தார். வியாழக்கிழமை வந்தார், அன்றே மழை பிடித்தது. மலையில் பனி கரைந்து ஆற்றில் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை படகுக்காரன் யோஸ்ட் படகைக் கரையேற்றி, ஓக் மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டான். பனிப்பாளமும் வேரோடு மரமும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போயின.

"மாட்டிக்கிட்டீங்க ஐயா" என்று ஃப்ரூமெத் அவரிடம் சந்தோஷமாகச் சொன்னாள். "ஓய்வுநாளுக்கு எங்க வீட்லதான் சாப்பாடு. உப்பு மீனும் முட்டைக்கோசும்தான் இருக்கு. ஆனா எம்பிள்ளை சொல்றதை நீங்க கேக்கணும்."

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் லிப்மான் எழுந்து நின்றான். இசக்கார் கண்ணை மூடிக் கேட்டார். தலை மெதுவாக ஆடியது. ஓர் இடத்தில் மட்டும் நின்றது. லிப்மான் முடித்ததும், "நல்லா இருக்கு தம்பி. நடுவுல ஒரு வரியை விட்டுட்டே" என்றார்.

"இல்லீங்களே. அங்க வரி ஒண்ணும் இல்லீங்க."

"இருக்கு. இதோ." அவர் புத்தகத்தைத் திருப்பி விரலை வைத்தார். "படி."

லிப்மான் படிக்கவில்லை. இசக்கார் பக்கத்தைத் தள்ளினார். "சரி, இதைப் படி. இது சின்னது." லிப்மான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கழுத்தில் மட்டும் சிவப்பு ஏறியது. இன்னொரு பக்கம். இன்னொன்று.

"பயப்படுறான்" என்றான் சுஸ்மான்.

"பயப்படல" என்ற இசக்கார் வாத்தியார் பக்கம் புத்தகத்தை நீட்டினார். குரலில் கோபமில்லை. "நீங்க படிங்க."

கும்பெல் புத்தகத்தை வாங்கினார். அந்தப் பெரிய கைகளுக்குள் அது மறைந்தே போயிற்று. வெளியே மழை கூரைப் பலகையில் விழும் சத்தம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு புத்தகத்துக்கு ஒரு முத்தம் கொடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

"அந்த இடத்துலதான் வேத்து மதத்து வேலையாள் வந்து அடுப்புக்கு விறகு போடுவான் ஐயா" என்றார். "எங்க ஊர்த் தொழுகைக்கூடத்துல கடைசி வரிசைக்குப் பின்னாலதான் அடுப்பு. நான் அடுப்போரம்தான் நிப்பேன். விறகு விழற சத்தத்துல அந்த வரி எனக்குக் கேட்டதே இல்ல."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"நான் தண்ணி தூக்குறவன். வீடு வீடாத் தண்ணி ஊத்துவேன். ஆறு வயசு வரைக்கும் எழுத்து கத்துக்கிட்டேன், அப்புறம் அப்பா போயிட்டாரு. தனித்தனியா நின்னா எழுத்து தெரியும். கூட்டமா நின்னா தெரியாது. மத்ததெல்லாம் முப்பது வருஷம் பின்னால நின்னு காதுல வாங்கினது."

"துறைமுகத்துல நான் கேட்டேனே!" சுஸ்மான் எழுந்துவிட்டான். "பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரத் தெரியுமான்னு கேட்டேனே! தெரியும்னியே!"

"கப்பலை விட்டு இறங்கி மூணு நாளாச்சு. ஒரு வார்த்தை நம்ம பேச்சுல பேச ஆளில்ல, வயித்துல ஒண்ணுமில்ல. நீங்க என்ன கேட்டிருந்தாலும் தெரியும்னுதான் சொல்லியிருப்பேன்."

"ரெண்டு வருஷம்! எம்பொண்டாட்டி தன் ரொட்டியை உனக்குப் பிட்டுப் போட்டாளே! எந்திரி. வெளிய போ."

கும்பெல் உடனே எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். மழைச்சாரல் உள்ளே அடித்தது. அங்கிருந்தே ஆறு தெரிந்தது. நேற்று வேலி நின்ற இடத்தில் இன்று தண்ணீர்தான். அவர் வாசற்படியில் நின்றார். அதற்குமேல் போக இடமில்லை.

"கதவைச் சாத்துங்க வாத்தியாரே, அடுப்பு அணையுது" என்றாள் ஃப்ரூமெத். அவள் குரல் யாருடைய குரலோ மாதிரி இருந்தது. பிறகு மகனிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

லிப்மான் மேசைமேல் இருந்த புத்தகத்தை மூடினான்.

"தெரியுமாடா?"

"போன வருஷமே தெரியும். ஒரு நா வேணும்னே வேற பக்கத்தைத் திறந்து அவர் மடியில வச்சேன். அவர் பாட்டுக்கு அதே பாட்டைத்தான் சொன்னாரு."

"ஏண்டா சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தியேம்மா" என்றான் அவன்.

ஃப்ரூமெத் அடுப்புப் பக்கம் திரும்பிப் பாத்திரம் ஒன்றை எடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் போய் வாங்கி வைத்தேன்.

சுஸ்மான் இசக்காரிடம் கேட்டான்: "அண்ணே, பிலடெல்பியாவுல வேற ஆள் கிடைப்பாங்களா? நிஜமாவே தெரிஞ்ச ஆளா?"

இசக்கார் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "எங்க வாத்தியாரு ஆறு மாசம் முன்னாடி தெற்குத் தீவுங்களுக்குக் கப்பல் ஏறிட்டாரு. அங்க வசதியா வச்சிருக்காங்களாம். எங்க பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு. நாங்களே ஐரோப்பாவுக்கு மூணு கடுதாசி போட்டிருக்கோம். படிச்சவன் எவனும் இந்தக் காட்டுக்கு வர மாட்டேங்கிறான்."

"அப்ப லிப்மானை உங்ககூடக் கூட்டிட்டுப் போங்க. உங்க வீட்ல வச்சு நீங்களே..."

"நான் வருஷத்துல எட்டு மாசம் ரோட்டுல இருக்கேன் தம்பி. எம்பையனுக்குப் பத்து வயசு. அவன் இவன் அளவுக்குக்கூடச் சொல்ல மாட்டான்." அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

நான் என் வாழ்நாளில் ஆண்கள் பேச்சில் குறுக்கிட்டவள் இல்லை. அன்று குறுக்கிட்டேன். "ஐயா, ஆறு வடியற வரைக்கும் இங்கதான இருக்கணும் நீங்க? சும்மாத்தான இருப்பீங்க? ஒத்த எழுத்து தெரிஞ்சவருக்கு நாலு எழுத்தைச் சேத்துப் படிக்கச் சொல்லிக்குடுக்கக் கூடாதா? பையனுக்கும் சேத்து. எம்மகன் இதுகூட இல்லாமத்தான் போனான்."

இசக்கார் கும்பெலைப் பார்த்தார். கும்பெல் கதவோரத்தில், நனைந்த கோட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உக்காருவீங்களா? பையன் பக்கத்துல?"

"எங்க வேணும்னாலும் உக்காருவேன் ஐயா."

ஞாயிறு விடிந்ததும் பாடம் தொடங்கியது. அது சோப்புக் காய்ச்சும் பருவம். குளிர்காலமெல்லாம் சேர்த்த சாம்பலைப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அடியில் பழுப்பாகக் காரநீர் சொட்டும். அதில் முட்டையைப் போட்டு, மேல்பாகம் ஒரு விரல்நகம் அளவு வெளியே தெரிகிறமாதிரி மிதந்தால் காரம் சரி. பிறகு கொழுப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டு நாளெல்லாம் கிண்ட வேண்டும். அந்த நாற்றத்துக்கும் புகைக்கும் நடுவில், பலகையில் மூன்று பேர்: நடுவில் இசக்கார், ஒரு பக்கம் பதின்மூன்றை நெருங்கும் பையன், மறுபக்கம் நரைத்த தாடி. காலடியில் ஹிந்தெல். அவளை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"இது என்ன எழுத்து?"

"மேம்" என்பார்கள் இரண்டு பேரும்.

"கீழே புள்ளி ரெண்டு இருந்தா?"

லிப்மான் சொல்லிவிடுவான். கும்பெல் உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "மெதுவா, மெதுவா. தண்ணிக் குடம் தூக்கிக்கிட்டுப் படியேறுற மாதிரி, ஒவ்வொரு படியா" என்பார் இசக்கார். கும்பெல் சிரிப்பார். வார்த்தை ஒன்று சேர்ந்து, முப்பது வருஷமாகக் காதால் தெரிந்த வார்த்தையாக வாயிலிருந்து வரும்போது அவர் துள்ளியே விடுவார். "இதுதானா அது! ஐயா, இது இவ்வளவு சின்னதா? நான் பெருசா இருக்கும்னு நினைச்சேன்!"

ஹிந்தெல் கீழேயிருந்து முணுமுணுப்பாள். திங்கள் மாலை இசக்கார் குனிந்து பார்த்தார். "இவ உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி போறா" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, பையன் பக்கமே திரும்பிவிட்டார். இருப்பது கொஞ்ச நேரம். அதைப் பெண்பிள்ளைக்குப் பிரிக்க அவருக்கு மனமில்லை. ஹிந்தெல் எழுந்து போகவில்லை.

சுஸ்மான் வாத்தியாரோடு பேசவேயில்லை. ஆனாலும் திங்களன்று கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தான்.

ஃப்ரூமெத் என்ன செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் அவள் கொட்டகையை விட்டு மறைந்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை பின்னாலேயே போனேன். ஆற்றங்கரையில் யோஸ்ட் படகைக் கட்டிய ஓக் மரத்தடியில் நின்றிருந்தாள். ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தாள்.

"குறைஞ்சிருக்கு" என்றாள். "காலைல இருந்ததைவிட ரெண்டு விரல் குறைஞ்சிருக்கு ரெய்லாக்கா."

"குறையட்டும். எத்தனை பேர் கொட்டில்ல தண்ணி. ஆலைக்காரனோட பசு மாடு போச்சாம்."

"தெரியும். தெரிஞ்சுதான் வேண்டிக்கிறேன், வடியக் கூடாதுன்னு. இன்னும் ஒரு வாரம். ஒரே ஒரு வாரம். அடுத்தவன் மாடு போனாலும் பரவாயில்லன்னு நினைக்கிறேன்க்கா. நான் என்ன பொம்பளை?"

என் மகனின் பள்ளத்தாக்கும் அதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் அவளோடு நின்று நானும் அந்தக் குச்சியைப் பார்த்தேன்.

புதன்கிழமை வானம் வெளுத்தது. வெயில் வந்தது. அந்த வெயிலை எங்கள் வீட்டில் யாரும் விரும்பவில்லை. அன்று இசக்கார் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு கையில் கறுப்பு ரொட்டி, மறுகை விரல் பக்கத்தில். "இது விதிவிலக்கு. இங்க மட்டும் வேற மாதிரி உச்சரிக்கணும். இதை நீங்களா கண்டுபிடிக்க முடியாது, அதனால மனசுல வச்சுக்கோங்க. இன்னொரு விதிவிலக்கு இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்." அவர் குரல் கட்டிப்போயிற்று. கும்பெலின் நெற்றி வியர்த்தது. லிப்மான் ஒரு பக்கத்தை முழுவதும் தானே படித்தான். நடுவில் அந்த விட்டுப்போன வரியும் வந்தது. கும்பெல் அதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னும் ஒருமுறை. "முப்பது வருஷம்" என்றார்.

வியாழன் காலை, சோப்பை மரச்சட்டத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது யோஸ்டின் குரல் கேட்டது.

"சோப்புக்காரரே! உங்க விருந்தாளி இருக்காரா? படகு போகுது! இப்ப விட்டா நாளைக்குத்தான்!"

ஃப்ரூமெத் அகப்பையை வைத்துவிட்டு, "நாளைக்கே போங்களேன் ஐயா" என்றாள்.

"பாஸ்கா பண்டிகைக்கு இன்னும் எட்டு நாள்தாம்மா. நடுவுல ஓய்வுநாள் வேற, அன்னிக்குப் பயணம் கூடாது, ரோட்டுல நிக்கணும். வீட்ல பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

"ஒரே ஒரு நாள்."

"அம்மா." அவர் எழுந்தார். "ஒரு நாள்ல தீராது. ஒரு வருஷத்துலயும் தீராது. நான் இருந்தாலும் இல்லாட்டியும்."

அவர் கும்பெலின் கையைப் பிடித்தார். "படிங்க. தப்பாப் படிச்சாலும் பரவால்ல, நிறுத்தாதீங்க." லிப்மானின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னார். ஹிந்தெல் தலையை நீட்டிக்கொண்டு நின்றாள், அவளுக்கும் சொன்னார். படகு நடு ஆற்றில் சுழன்று நேராகும் வரை நாங்கள் கரையில் நின்றோம். சுஸ்மான் மட்டும் வரவில்லை. திரும்பி வந்தபோது அவன் சோப்பின் மேல்பரப்பைப் பலகையால் மட்டம் தட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: "உக்காருங்க வாத்தியாரே. வெளிச்சம் இருக்கும்போதே."

இசக்கார் விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். மூன்று வரி போனது. நாலாவது வரியில் ஒரு வார்த்தை. கும்பெல் ஒரு விதமாகப் படித்தார்.

"அப்படி இல்லீங்க வாத்தியாரே" என்று லிப்மான் வேறு விதமாகப் படித்தான்.

"புள்ளியைப் பாருடா. மேல இருக்கு."

"அது புள்ளியா, அச்சு மையா? அது விதிவிலக்குன்னு சொன்னாரே, அதுவா இருக்கும்."

"அது வேற. அவர் சொல்லாமப் போனாரே, அது இதா இருக்கும்."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். முதலில் சுஸ்மானைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த பலகையைப் பார்த்தான். பிறகு ஃப்ரூமெத்தை, பிறகு என்னை.

"யாரு சொல்றது சரி?" என்று ஹிந்தெல் கேட்டாள்.

காய்ந்துகொண்டிருந்த சோப்பில் ஒரு குமிழி வந்து உடைந்தது. ஃப்ரூமெத் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"ரெண்டு விதமாவும் சொல்லுங்க" என்றாள். "ரெண்டையும் சொல்லிட்டு மேல போங்க. எது சரியோ அதைக் கடவுள் எடுத்துக்கட்டும்."

அவர்கள் அந்த வார்த்தையை இரண்டு விதமாகவும் சொன்னார்கள். லிப்மான் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, பின்னால் யாரையாவது கேட்கலாம் என்று புத்தகத்தில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டான். அன்று மாலைக்குள் பத்துக் கோடு. பாஸ்கா வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கோடு. எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் அடுத்த முறை எங்கள் ஊருக்கு வந்தபோது லிப்மானுக்குத் தாடி முளைத்திருந்தது. கும்பெலை நாங்கள் ஆற்றுக்கு மேலே மேட்டில் புதைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரிக்கோடுகள் பக்கத்தோடு பக்கம் தேய்ந்து, எது எந்த வார்த்தைக்குப் போட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.